பதினான்காம் இலக்கச் சட்டை

றொம்மன், ஒஸ்லோ
28 ஒக்டோபர் 2025

சாருகாவுக்கு,

இனிமேல் உன் குரல் என் போனில் கேட்கக்கூடாது என்று ஜூலையில் சொன்னேன். சொன்ன சொல்லில் நிற்கிறேன். ஆனால் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன். இதைச் சமாதானம் என்று நினைத்துக் குதிக்காதே. ஒரு முறைப்பாடு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு ரீவி நிலவரம் உனக்குத் தெரியும். லிவர்பூல் சனிக்கிழமை விளையாடினால் ஒரு இடத்துக்குக் காசு கட்டவேண்டும். அதே லிவர்பூல் புதன்கிழமை ஐரோப்பியக் கிண்ணத்துக்கு விளையாடினால் இன்னொரு இடம். கிரிக்கெட் மூன்றாவது இடம். அம்மா பார்க்கிற பனிச்சறுக்கல் நாலாவது இடம். நாலு பாஸ்வேர்ட்டையும் அம்மா குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அரச தொலைக்காட்சியில் சனி பின்னேரம் இங்கிலாந்து ஆட்டம் சும்மா வரும். இப்போது உரிமையை ஆளாளுக்குப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டு நாங்கள் பின்னால் ஓடுகிறோம்.

இது போதாதென்று இப்போது ஐந்தாவதாக நீ.

உன் விளையாட்டைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு விருப்பமும் இருக்கவில்லை. நேர்ஸ் படிப்பு முடித்த பிள்ளை ஒஸ்லோவில் வேலையை வைத்துக்கொண்டு, பதினேழு வயதில் ஒருதரம் வெட்டித் தைத்த முழங்காலோடு, ஹாண்ட்போல் விளையாட வடதுருவத்துக்குக் கிட்ட ஹம்மர்பெஸ்டுக்குப் போனதை நான் மன்னிக்கவில்லை. அம்மாதான் ஒவ்வொரு சனியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். சரியென்று கீழ்மாடி றெஜினோல்டைக் கூப்பிட்டேன். அவனுக்குத்தான் இந்த வித்தையெல்லாம் தெரியும்.

"அண்ணை, மூண்டாம் டிவிசன் பொம்பிளைப் பிள்ளையளின்ரை ஆட்டம் பெரிய இடங்களிலை வராது. அந்தந்த ஊர்ப் பேப்பர்தான் காட்டும். ஹம்மர்பெஸ்ட் பேப்பருக்குச் சந்தா கட்டுங்கோ."

கட்டினேன். கட்டி முடிந்த பிறகு சொல்கிறான்:

"இது சொந்த ஊரிலை நடக்கிற ஆட்டத்துக்கு மட்டும்தான். அவை அல்ராவிலை போய் விளையாடினால் அல்ராப் பேப்பர் எடுக்கவேணும்."

"அப்ப த்ரொம்சோவிலை விளையாடினால்?"

"அதுக்கும் ஒண்டு இருக்கு அண்ணை."

கலியாண வீட்டில் இன்னுமொரு வடை இருக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னான் படுபாவி.

சனிக்கிழமை பார்த்தோம். வர்ணனை செய்ய ஒருவரும் இல்லை. கமராவுக்குப் பின்னாலும் ஆள் இல்லையாம், சுவரில் பூட்டிய பெட்டி பந்தைத் தேடித் தானாகவே திரும்புகிறது. மைதானம் முழுவதும் கைக்குட்டை அளவில்தான் தெரிந்தது. ஆனாலும் பதினான்காம் இலக்கத்தையும் கறுப்புப் பின்னலையும் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. இடது ஓரத்தால் ஓடிவந்து காற்றில் கிடந்தபடியே எறிந்தாயே அந்த இரண்டாவது கோல், அது நல்ல கோல். மூன்றாவதும் பரவாயில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஹம்மர்பெஸ்ட்
7 நவம்பர் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். பிறகு வாசித்தேன். பிறகு இன்னும் மூன்று தரம் வாசித்தேன்.

எழுத்துப் பிழை இருந்தால் பேச வேண்டாம். பத்தாம் வகுப்பு வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமையாய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னை இருத்தியது நீங்கள்தான். அதனால் பிழையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நான் சுகமாக இருக்கிறேன். வீடு சின்னது, சூடு போதும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் நல்ல மாதிரி. நீங்கள் எழுதிய ஆட்டத்தில் பதினான்காம் இலக்கம் மூன்று கோல் அடித்தது சரிதான். அந்த இரண்டாவது கோல் உண்மையிலேயே நல்ல கோல். இங்கே எல்லாரும் அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

அப்பா, அந்தப் பேப்பர் சந்தாவை நிற்பாட்டுங்கோ. காசு வீண். அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தெரிவோம். லிவர்பூலைப் பாருங்கோ. உங்களுக்கு அதுதானே சந்தோசம்.

என் விளையாட்டைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுதியதில்லை. கதைத்ததும் இல்லை. அதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. கோபிக்க வேண்டாம்.

சாரு


றொம்மன், ஒஸ்லோ
18 நவம்பர் 2025

சாரு,

நிற்பாட்ட முடியாது. பன்னிரண்டு மாதக் கட்டு. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நான் வாசிக்கவில்லை, றெஜினோல்டும் வாசிக்கவில்லை. அல்ராப் பேப்பரும் அப்படித்தான். ஓம், அல்ராப் பேப்பரும் எடுத்துவிட்டேன். நீ பேசாதே.

இப்போது காலையில் தேத்தண்ணியோடு இரண்டு வடக்கத்திப் பேப்பர் வாசிக்கிறேன். அல்ரா றோட்டில் கலைமான் நிற்கிறதென்றால் எனக்கு இங்கே பஸ் ஓட்டும்போதே தெரியும். உங்கள் ஊரில் இறங்குதுறை திருத்துவது பற்றி ஒரு பக்கம், நண்டு விலை பற்றி ஒரு பக்கம். பதினாறு பெண் பிள்ளைகள் கிழமைதோறும் உயிரைக் கொடுத்து விளையாடுகிறார்கள், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பேர்கூடப் போடுகிறார்கள் இல்லை. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறேன். என் நோர்வேஜியத்தைப் பார்த்துச் சிரிப்பான் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அல்ராவோடு நீ விளையாடியதைப் பற்றி: தொடக்கத்தில் சோம்பல். இருபதாவது நிமிடம் வரைக்கும் பந்து உன்னிடம் வந்ததும் பயந்துபோய்த் திருப்பி எறிந்தாய். அப்படிச் செய்யாதே. உனக்கு முன்னால் இடம் இருந்தது, நான் இங்கிருந்து "போ, போ" என்று கத்தினேன். இரண்டாம் பாதியில் வேறு ஆள். அந்த ஏழு மீற்றர்த் தண்டனை எறி, கோல் காப்பாளியை ஒரு பக்கம் விழுத்திவிட்டு மற்றப் பக்கம் போட்டாயே, அதை நான் ரீவியில் பின்னுக்குத் தள்ளி ஐந்து தரம் பார்த்தேன். முன்பைவிட உயர்ந்துவிட்டாய் போலத் தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "கமரா அப்பிடித்தான் காட்டும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். உன் அம்மாவுக்கு விளையாட்டு விளங்காது.

ஒன்று எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் தொண்டையில் நிற்கும். நீ பத்து, பதினொரு வயதில் விளையாடும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைக் காரில் விளையாட்டு ஹோலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். "அப்பாவுக்கு வேலை இருக்கு, முடிய வந்து ஏத்துறன்" என்று சொல்வேன். வேலை இல்லை சாரு. வீட்டுக்கு வந்து மாட்ச் பார்த்தேன். மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் வாசலில் வாபிள் சுட்டு விற்றுக்கொண்டு நிற்பார்கள், உள்ளே போய்க் கத்துவார்கள். நான் போகவில்லை. ஒருநாளும் போகவில்லை. பந்தைக் கையால் எறிகிற விளையாட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருக்கிறது.

அப்பா


ஹம்மர்பெஸ்ட்
27 நவம்பர் 2025

அன்புள்ள அப்பா,

உங்களுக்கு வேலை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சட்டைப் பையில் லிவர்பூல் சால்வையின் நுனி தெரியும். கோபம் வந்ததில்லை. ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் "வெண்டனீங்களோ?" என்று மட்டும் கேட்பீர்கள். நான் ஓம் அல்லது இல்லை என்று சொல்வேன். ஒருநாளாவது "எத்தினை கோல் அடிச்சனி?" என்று கேட்பீர்கள் என்று காத்திருப்பேன். இப்போது நீங்கள் நிமிடக் கணக்காக எழுதுகிறீர்கள். வாசிக்க எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குத் தமிழில் சொல் இருக்கும், எனக்குத் தெரியாது.

இங்கே சூரியன் போய்விட்டது. ஜனவரி கடைசியில்தான் வரும்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போன கடிதத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். இந்தக் கடிதத்திலும் என்னால் முடியவில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பயப்பட வேண்டாம், உயிர் போகிற விசயம் இல்லை. அடுத்ததில் எழுதுகிறேன்.

த்ரொம்சோப் பேப்பரை எடுக்காதேங்கோ அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சாரு


றொம்மன், ஒஸ்லோ
8 டிசம்பர் 2025

என் அருமை மகளுக்கு,

என்ன விசயம் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு பெடியன், அதுதானே? அவன் நோர்வேஜியன் என்றாலும் சரி, வடக்கத்திச் சாமி இனத்தவன் என்றாலும் சரி, அப்பா இப்போது சத்தம் போடமாட்டேன். வயது போகப்போக மனிசன் இளகிவிடுகிறான். நேரில் சொல். நேரில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடைசிவரை வாசி.

முதலில் செய்தி. இங்கிலாந்தை வெட்டிவிட்டேன். விலையை மறுபடியும் ஏற்றுகிறோம் என்று அறிவித்தல் வந்தது. அம்மாவும் நானும் மேசையில் இருந்து யோசித்தோம். ஏதாவது ஒன்றை விடத்தான் வேண்டும். லிவர்பூலா சாருகாவா என்று அம்மா கேட்டாள். முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற லிவர்பூல் சாரு. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. றெஜினோல்டுக்குத்தான் கண் கலங்கியது, அவன் என் வீட்டில் இருந்துதானே பார்க்கிறவன்.

சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டேன். றெஜினோல்ட், சேந்தன், அருட்செல்வம் மாஸ்ரர், டிப்போவில் என்னோடு பஸ் ஓட்டுகிற இரண்டு பேர். அம்மா ரோல்ஸ் செய்தாள். "லிவர்பூல் இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் கடைசியில் எழும்பி நின்று கத்தினார்கள். நீ ஐந்து கோல். ஐந்து! கடைசி நிமிடத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடினாயே, அப்போது மாஸ்ரர் கையில் இருந்த தேத்தண்ணியை எங்கள் கம்பளத்தில் ஊற்றிவிட்டார். அம்மா கம்பளத்தைப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டு நின்றாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று எல்லாருக்கும் சொன்னேன்.

அருட்செல்வம் மாஸ்ரர் போகும்போது என் தோளில் தட்டி, "சந்திரகுமார், உம்மடை பிள்ளை எண்டு சொல்ல எங்களுக்கே பெருமையாயிருக்கு" என்றார். முப்பத்தாறு வருடத்தில் அந்த மனிசன் ஒருவரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

சாரு, ஜூலையில் நான் சொன்னதெல்லாம் பிழை. "அந்த முழங்கால் இன்னொருக்கால் போச்சுதெண்டால் என்ரை வாசலுக்கு வராதை" என்று சொன்னேனே, அது ஒரு தகப்பன் சொல்கிற கதையா? பயத்தில் சொன்னேன். பதினேழு வயதில் நீ ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பயம் போகவே இல்லை. இப்போது நீ ஓடுவதைப் பார்க்கிறேன், அந்தக் கால் இரும்பு மாதிரி நிற்கிறது. நான்தான் மடையன்.

ஜனவரி பதினாலாம் திகதியில் இருந்து எனக்கு லீவு. ரிக்கற் போட்டுவிட்டேன், ஒஸ்லோ, த்ரொம்சோ, ஹம்மர்பெஸ்ட். பதினேழாம் திகதி உங்கள் ஊரில் ஆட்டம் இருக்கிறது. ஹோலுக்குள் வந்து இருந்து பார்க்கப்போகிறேன். கத்துவேன், வெட்கப்படாதே. இருபது வருடம் பிந்தி வருகிறேன் என்று தெரியும்.

அப்பா


ஹம்மர்பெஸ்ட்
15 டிசம்பர் 2025

அப்பா,

அது நான் இல்லை.

நீங்கள் பார்க்கிற பதினான்காம் இலக்கம் நான் இல்லை. அவளுடைய பெயர் மாலின். அம்மா தாய்லாந்து, அதனால் கறுத்த முடி. என்னைவிட நாலு சென்ரிமீற்றர் உயரம். ஒக்டோபர் பதினொராம் திகதி பயிற்சியில் என் முழங்கால் போய்விட்டது. அதே கால், அதே சவ்வு. ஒருவரும் இடிக்கவில்லை, நானே பாய்ந்து நானே விழுந்தேன். சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்று விழுந்து முடியுமுன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கழகத்தில் மேலதிகச் சட்டை இல்லை, அதனால் எனக்குப் பதிலாக வந்த மாலினுக்கு என் சட்டையைக் கொடுத்தார்கள். நீங்கள் சந்தா கட்டிப் பார்த்த முதல் ஆட்டத்திலிருந்து எல்லாமே மாலின்தான். அந்த இரண்டாவது கோலும் அல்ராவில் எறிந்த ஏழு மீற்றரும் ஐந்து கோலும் அவளுடையவை.

நான் வாங்கில் இருப்பேன், ஊன்றுகோலோடு. தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுப்பேன். வேலைக்கும் போவதில்லை, சுகவீன லீவில் இருக்கிறேன்.

அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். நான்தான் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். அம்மாவைப் பேசாதேங்கோ. அவ பாவம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். வாசலுக்கு வராதே என்று சொன்னீர்கள், நான் அதை நம்பினேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. நல்ல கோல் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டும் எனக்கு என்று வைத்துக்கொண்டேன். அடுத்த கடிதம் வரும்வரைக்கும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமைகளில் மாலின் கோல் போட்டால், அப்பா இதை எப்படி எழுதுவார் என்றுதான் முதலில் நினைப்பேன். இப்படிச் செய்தது அசிங்கம் என்று தெரியும். நிற்பாட்ட முடியவில்லை.

நீங்கள் லிவர்பூலை விட்டுவிட்டேன் என்று எழுதியதை வாசித்தபோது நான் தரையில் இருந்துவிட்டேன்.

ஜனவரி பதினைந்தாம் திகதி த்ரொம்சோவில் ஒப்பரேசன். இரண்டாம் தரம் என்றபடியால் இனி விளையாடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடக்கலாம், வேலை செய்யலாம், படி ஏறலாம். ஹாண்ட்போல் இல்லை. அதைக் கேட்டபோது நான் அழவில்லை. நேற்று மாலின் சட்டையைத் தோய்த்துக் கொண்டுவந்து, "உன்னுடையது, சுகமானதும் வாங்கிக்கொள்" என்று சொன்னாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அப்போதுதான் அழுதேன்.

பதினேழாம் திகதி ஹோலுக்கு வந்தால் நீங்கள் என்னைப் பார்க்கமாட்டீர்கள். ரிக்கற்றைத் திருப்பிக் கொடுங்கோ.

மன்னியுங்கோ அப்பா.

சாரு


றொம்மன், ஒஸ்லோ
29 டிசம்பர் 2025

சாரு,

பதில் பிந்திவிட்டது. எழுதுவதற்குக் கை வரவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அம்மாவோடு நாலு நாள் கதைக்கவில்லை. பக்கத்திலேயே இருந்துகொண்டு, நான் வேறொருத்தியைப் பார்த்து "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று கத்துவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாளே. ஐந்தாம் நாள் கேட்டேன். "நீங்கள் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு இருக்க ஆசையாயிருந்தது" என்றாள். தாயும் மகளும் சேர்ந்து என்னைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

அருட்செல்வம் மாஸ்ரருக்கு இன்னும் சொல்லவில்லை.

இருபதாம் திகதி சனிக்கிழமை, பார்ப்பதில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு போட்டேன். நீ வாங்கில் இருப்பாய் என்று எழுதியிருந்தாய், அந்த வாங்கைப் பார்க்கலாம் என்று. அந்தச் சனியன் பிடித்த பெட்டி பந்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காது. வாங்கு படத்துக்குக் கீழே நிற்கிறது. இடைக்கிடை யாரோ ஒரு கை நீண்டு தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறது. அது உன் கையா என்று எழும்பிப் போய் ரீவிக்குக் கிட்ட நின்று பார்த்தேன். தெரியவில்லை. அந்தப் பிள்ளை மாலின் கோல் போட்டாள். கத்தக் கை தூக்கினேன், பாதியில் இறக்கிவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள், அவளும் நல்லாய் விளையாடுகிற பிள்ளை. இருந்தாலும் முடியவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. செப்டம்பரில் நீ விளையாடினாய்தானே. மூன்று ஆட்டம், கடைசி இருபத்தேழாம் திகதி. அந்தப் பேப்பரின் அப்பில் "பழைய ஆட்டங்கள்" என்று ஒரு இடம் இருக்கிறது. தேடினேன். ஒக்டோபர் பதினெட்டுக்கு முந்தி ஒன்றும் இல்லை. றெஜினோல்ட் வந்து தேடினான், அவனுக்கும் கிடைக்கவில்லை. பேப்பர்க் கந்தோருக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள். அதற்கு முந்தி இந்த ஆட்டங்கள் வேறு ஒரு நிறுவனத்திடம் இருந்ததாம். அவர்கள் ஒக்டோபர் நடுவில் கடையைப் பூட்டிவிட்டார்களாம். அவர்களுடைய படங்கள் எங்கே போயின என்று இவர்களுக்குத் தெரியாதாம். நான் சொன்னேன், நீங்கள் கேட்கிற காசைத் தருகிறேன், இன்னொரு சந்தா எடுக்கவேண்டும் என்றால் எடுக்கிறேன், பத்துச் சந்தா என்றாலும் எடுக்கிறேன், செப்டம்பர் இருபத்தேழு மட்டும் தாருங்கள் என்று. "பெக்லாகர்" என்றாள். மன்னியுங்கள் என்று அவள் சொன்ன விதத்தில் உண்மையாகவே அவளுக்கும் துக்கம் இருந்தது. "அதிலை என்ரை மகள் விளையாடினவள்" என்று நோர்வேஜியத்தில் சொல்லத் தொடங்கினேன். முடிக்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

உலகத்தில் எந்த மூலையில் எவன் பந்தைத் தொட்டாலும் நான் காசு கட்டிப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை விளையாடி ஒரு நிமிடம் நான் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. இதை யாரிடம் போய் முறையிட?

ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன். விமானம் த்ரொம்சோவில்தான் முதலில் இறங்கும். நானும் அங்கேயே இறங்கிவிடுவேன். பதினைந்தாம் திகதி நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன். வாசலுக்கு வராதே என்று சொன்ன வாயாலேயே கேட்கிறேன், என்னை வர விடு.

ஒன்று மட்டும் செய். நேரில் சொன்னால் நான் இடையில் கதைத்துக் குழப்பிவிடுவேன், அதனால் எழுது. செப்டம்பர் இருபத்தேழு ஆட்டத்தை எழுது. நான் உனக்கு எழுதினேனே, அந்த மாதிரி. மாலின் கோல் போட்டால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவாள். நீ என்ன செய்வாய்? உன் முகம் எப்படி இருக்கும்? எனக்கு அதுகூடத் தெரியாது சாரு.

அப்பா


ஹம்மர்பெஸ்ட்
6 ஜனவரி 2026

அன்புள்ள அப்பா,

வாங்கோ. பதினாலாம் திகதி நானும் த்ரொம்சோவில் நிற்பேன். அம்மாவிடம் என் மஞ்சள் சுவெற்றரைக் கொடுத்துவிடச் சொல்லுங்கோ.

இனி ஆட்டம். எனக்கு உங்களைப்போல எழுத வராது.

செப்டம்பர் இருபத்தேழு, பின்னேரம் மூன்று மணி. எங்களுடைய ஹோல். வெளியே நல்ல வெயில், அதனால் பார்க்க நாற்பது பேர்தான் வந்தார்கள். தொடக்கத்தில் நான் சோம்பல், நீங்கள் இருந்திருந்தால் பேசியிருப்பீர்கள். பந்து வந்ததும் திருப்பி எறிந்தேன். முழங்காலை நினைத்துப் பயம். பதினோராவது நிமிடம் எனக்கு முன்னால் இடம் கிடைத்தது. யாரும் "போ" என்று சொல்லவில்லை, நானே போனேன். இடது ஓரத்தின் கடைசி மூலையில் இருந்து பாய்ந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் கோல் ஒரு கதவு இடுக்கு மாதிரித்தான் தெரியும். காப்பாளியின் காதுக்குப் பக்கத்தால் போட்டேன். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது.

இரண்டாவது, ஏழு மீற்றர். மூன்றாவது எனக்கே எப்படிப் போனது என்று தெரியாது, யாரோ ஒருத்தியின் காலில் பட்டுப் போனது, அதையும் கணக்கில் எடுத்தார்கள். நாலாவதும் ஐந்தாவதும் இரண்டாம் பாதியில், பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடியது. முழங்கால் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த ஓட்டம் ஓடும்போது எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. அப்படி ஓடியது அதுதான் கடைசி. நாங்கள் இரண்டு கோலால் தோற்றோம்.

ஐந்து கோல் அடித்தனான், அப்பா.

நான் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். எங்கள் அணியில் மற்றவர்கள் கோல் போட்டதும் மேலே தங்கள் வீட்டு ஆட்களைப் பார்ப்பார்கள். எனக்கு மேலே ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்டம் நாடு முழுக்கப் போகிறது, யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று கழகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் சுவரில் இருந்த அந்தக் கமராவைப் பார்ப்பேன். நீங்கள் போனே எடுப்பதில்லை, எங்கே இதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு கோலுக்கும் பிறகு ஒரு செக்கன் பார்ப்பேன். அன்றைக்கு ஐந்து தரம் பார்த்தேன்.

ஐந்து தரமும் சிரித்தனான்.

சாரு